மாமா பெரிய பெட்டி வைத்த நாள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு அஞ்சாங்கிளாசோடு சரி. பேனாவைப் பிடித்தால் விரல் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிற மாதிரியே வளைகிறது, எழுத்தும் உருண்டு உருண்டு போகிறது. மறதி வேறு. முன்னே நடந்ததைப் பின்னேயும் பின்னே நடந்ததை முன்னேயும் வைத்துவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்தில் என்னோடு குழாய் உருட்டின, திரி கிள்ளின பிள்ளைகளுக்குத்தான் இதை எழுதுகிறேன். நாம் எல்லாரும் கிழவிகள் ஆகிவிட்டோம். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து பேச எனக்கு எப்பவும் கூச்சம். காகிதத்திடம் அம்புட்டுக் கூச்சம் இல்லை.

எழுத வைத்தது எங்கள் மாடியில் குடிவந்திருக்கிற பிள்ளை. சிவகாசியில் ஒரு பிரிண்டிங் கம்பெனியில் காலண்டருக்குப் படம் போடுகிற வேலை அதற்கு. கம்ப்யூட்டரிலேயே எல்லாம் செய்யுமாம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து ஒரு சத்தம் படியிறங்கி வந்தது. கரகரவென்று தொடங்கி, வெட்டினாற்போல நின்றது. மறுபடி கரகர, மறுபடி நின்றது. என் கை புளித்தண்ணிக்குள்ளேயே நின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளையே இறங்கி வந்தது.

"ஆச்சி, தொந்தரவா இருக்கா? கித்தாருக்கு டோன் செட் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

"இல்ல தாயி. என்னமோ திருகுற, நிப்பாட்டுற, திருகுற. எப்பத்தான் வாசிப்ப?"

"வாசிக்கிறது கொஞ்சந்தான் ஆச்சி. திருகுறதுதான் வேலையே." சிரித்தது. "இதுக்குப் பேரு மெட்டல்."

மெட்டல் என்றால் என்ன என்று கேட்டேன். இரும்பு, தகரம், அந்த மாதிரி என்றது. உள்ளே போய் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். 'தகரம்' என்று நம் ஊரே யாரைச் சொன்னது என்று உங்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணையிலிருந்து உள்ளே போகிற காட்டு ஊர். ஊருக்கும் வெடிக் கம்பெனிக்கும் நடுவில் ஒரு பொட்டல், பொட்டலின் ஓரத்தில் கம்மாய்க்கரை. ஊரில் நின்று பார்த்தால் ஷெட்டுகள் வெள்ளை வெள்ளையாக, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளித் தெரியும். ஏன் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்கிற பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. தெரிந்தேதான் பிறப்போம்.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட வருசம் அது. வீட்டிலிருந்து குழாய் உருட்டினேன். என்னைப் பெற்ற அய்யா கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றுவார். அக்காவுக்குக் குழாயில் வெடிமருந்து செலுத்துகிற ஷெட்டில் வேலை. சாயங்காலம் திரும்பி வரும்போது முகம், கழுத்து, இமைமயிர் எல்லாம் அலுமினியப் பவுடர் பூசி, கோயில் வெள்ளிக் கவசம் மாதிரி மினுங்குவாள். அவள் அழகி. பவுடரைக் கழுவினாலும் அழகிதான்.

மாமா அம்மாவின் தம்பி. சிவகாசியில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்தார். அக்காவுக்குப் பேசிவைத்த மாப்பிள்ளையும் அவர்தான். நம் பக்கம் தாய்மாமனுக்குக் கொடுப்பது வழக்கம்தானே. வழக்கத்துக்காக மட்டுமில்லை, அவளுக்கும் அவர் மேல்தான் மனசு. மாமா வருகிற நாளில் அவள் சோற்றுக்கு உப்புப் போட மறந்துவிடுவாள். அய்யா, "மாப்ள வாரானாக்கும்" என்று சொல்லிக்கொண்டே உப்பை எடுத்துத் தொட்டுக்கொள்வார்.

அந்த மாமாவிடம் ஒரு எலக்ட்ரிக் கித்தார் இருந்தது. பாட்டுக் கோஷ்டியில் வாசித்த யாரோ வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போனது, கழுத்து முறிந்து கிடந்தது. மாமா வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டிக் காயவைத்து எடுத்தார். அதில் அவர் பாட்டு வாசித்து நான் கேட்டதே இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சத்தம்.

அது எங்கிருந்து அவருக்குப் பிடித்தது என்று அக்காவிடம் சொல்லும்போது கேட்டிருக்கிறேன். ஏதோ ஒரு கல்யாண வீட்டில் ஆம்பிளிபயரில் ஒரு வால்வு கெட்டு, பாட்டு முழுக்கக் கரகரத்துப்போனதாம். எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு, ஏலே அமத்துலே, அமத்துலே என்று கத்தியிருக்கிறார்கள். மாமாவுக்கு மட்டும் மயிர்க்கூச்செடுத்துவிட்டது.

"கெட்டுப்போயி அந்தச் சத்தம் வந்துச்சு பிள்ளே. கெடாமயே அத வரவழைக்கணும். நான் சொன்னா வரணும், நான் சொன்னா நிக்கணும்."

"நிக்கிறதுல என்ன இருக்கு மாமா?"

"நிக்கிறதுலதான் எல்லாம் இருக்கு. கரகரப்பு எவனுக்கும் வரும். நிக்காது. கூழு மாதிரி வழிஞ்சுகிட்டே போகும்."

ஸ்டேஷன் பிடிக்காமல் போன ஒரு பழைய வால்வு ரேடியோவின் வயிற்றைத் திறந்து, கித்தாரை முதலில் அதற்குள் விட்டார். அதிலிருந்து ஒரு வயர் இழுத்துக் கடை ஆம்பிளிபயருக்குக் கொண்டுபோனார். ஒன்றின் வாயில் இன்னொன்று. கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பி முடிகிற இடத்தில் வைத்து அமுக்கிக்கொண்டு அடிப்பார். அந்த அமுக்கு இல்லாவிட்டால் ஊளை, அதிகமானால் கட்டை. வாசிக்காத நேரத்தில் கடாயில் எண்ணெய் காய்கிற மாதிரி இரையும். அதற்கு வாசலில் வைக்கிற மணி சுவிட்ச் ஒன்றைக் கால் பெருவிரலுக்கு அடியில் வைத்திருந்தார். மிதித்தால் இரைச்சல் செத்துப்போகும். ஈயம் பற்றவைக்கிற வாடை எப்போதும் அவர் சட்டையில் இருக்கும். இப்போதும் எங்காவது செல்போன் ரிப்பேர் கடையைத் தாண்டிப் போனால் எனக்குத் தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றுகிறது.

லீவு நாளில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். மாமா வாசலில், அக்கா கம்மாய்க்கரையில். கிட்ட நின்று கேட்டால் சத்தத்தின் உண்மை தெரியாது என்பது அவர் கட்சி. அக்கா தூரத்தில் நின்று கேட்பாள். நன்றாயிருந்தால் முந்தானையைத் தூக்கி ஆட்ட வேண்டும். மோசமாயிருந்தால் கீழே உட்கார்ந்துகொள்ள வேண்டும். நாள் முழுக்க அவள் உட்கார்ந்தே இருந்ததைப் பார்த்து, ஆடு மேய்க்கிறவர்கள் பிள்ளைக்குக் காய்ச்சலா என்று வந்து கேட்டிருக்கிறார்கள்.

மாமா பாஸ் என்கிற அடிச்சத்தத்தைக் கூட்டுவார், கூழ். ட்ரெபிள் என்கிற மேல்சத்தத்தைக் கூட்டுவார், தகரம். இரண்டையும் ஏற்றி வைத்தால் வாசலில் ராசா மாதிரி இருக்கும். அக்கா கரையிலிருந்து மூச்சிரைக்க நடந்து வந்து சொல்வாள்: "கிட்டக்க இம்புட்டு மொரட்டுச் சத்தமா இருக்கு. அங்கன ஒண்ணுமே வரல மாமா. ஆளையே காணோம்."

"நடுவு இல்ல. அதான் காணோம்," என்பார் மாமா. மறுபடி திருகுவார்.

ஒருநாள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டாமல் குறைத்தார். கரகரப்பு குறைந்தது, ஆனால் அடி இறுகிவிட்டது. அக்கா கரையில் முந்தானையை எடுத்துச் சுழற்று சுழற்று என்று சுழற்றினாள். இன்னொரு நாள் ஒரு சின்னக் கண்டன்சரை நடுவில் வைத்து, அடிச்சத்தம் ரேடியோவுக்குள் போகும் முன்னாலேயே கொஞ்சம் வடிகட்டினார். கடைசியில் வெளியே வருகிற இடத்தில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் வழியாமல் நிற்கும் என்றார். ஆனால் திருப்பிக் கொடுக்க அவரிடம் வழியில்லை. வெளியே வருகிற இடத்தில் இருந்தது கோயில் கொடைவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர். அதற்கு அடிவயிறு கிடையாது. என்ன திருகினாலும் மெலிந்துதான் வரும்.

தண்ணிக்குழாயில் பெண்கள் அம்மாவைக் கேலி செய்வார்கள்.

"மதினி, ஒங்க தம்பி நேத்து என்னத்தப் பிறாண்டுனாரு? எலிப்பொறிக்குள்ள எலி மாட்டுனாப்புல இருந்துச்சே."

"எலி இல்ல தாயி, பெருச்சாளி," என்பாள் அம்மா. அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்த நாள் வரைக்கும் அம்மாவுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும்.

அய்யாவுக்கு மட்டும் சிரிப்பு வராது. "தையில கல்யாணம். அதுக்குள்ள அந்தத் தகரத்தத் தூக்கிப் போட்டுட்டு லோடு ஏத்த வந்தாச் சரி. இல்லேன்னா எம்பிள்ளைக்கு வேற எடம் பாப்பேன்," என்று மாமாவின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

"ஒரே ஒரு தடவ இந்தச் சத்தத்தோட மேடை ஏறிட்டா வந்திருதேன் அத்தான்."

"கெட்டுப்போன மெசினக் கேக்க எவன்டா மேடை போட்டுத் தருவான்?"

மாமா குனிந்து திருகைத் தொடுவார். அக்கா அடுப்படியில் இருந்து மாமாவின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கம்பி வெட்டிய கை.

புரட்டாசி மாதம். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் இருந்த சீசன், லீவு நாளிலும் கம்பெனி ஓடியது. அய்யாவும் அக்காவும் வேலைக்குப் போய்விட்டார்கள். உச்சிப்பொழுதில் மாமா ஒரு மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். வண்டியில் ஒரு பலகைப் பெட்டி. மூடிப்போன டூரிங் டாக்கீஸ் ஒன்றிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றி, அவரே செய்த பெட்டி அது. ஸ்பீக்கர் அரிசி புடைக்கிற சொளகு அகலம் இருந்தது. அடிவயிறு கிடைத்துவிட்டது என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

பெட்டியை எங்கே வைப்பது என்று சுற்றிச் சுற்றி வந்தார். வீட்டுப் பக்கம் திருப்பினால் ஓடு பெயர்ந்துவிடும், தெருப் பக்கம் திருப்பினால் தூங்குகிற பிள்ளைகள் எழுந்துவிடும். யாருக்கும் தொந்தரவு கூடாது என்று பொட்டலைப் பார்க்கத் திருப்பி வைத்தார். பொட்டலுக்கு அந்தப் பக்கம் கம்பெனி. அது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை.

"யக்கா, சத்தம் பெருசா வரும். பயந்துராத."

"ஒந்தகரத்துக்கு எவ பயப்படுவா? போலே," என்று சொல்லிவிட்டு அம்மா தலைக்குச் சீயக்காய் எடுத்துக்கொண்டு பின்பக்கம் குளிக்கப் போனாள்.

பெட்டி ஆடாமல் இருக்க அதன் மேல் ஒரு கல்லை வைத்து, கல்லின் மேல் என்னைக் கையை வைத்துக்கொள்ளச் சொன்னார். திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். குறைத்தார், இன்னும் குறைத்தார். கண்ணை மூடி, பெருவிரலை சுவிட்சிலிருந்து எடுத்தார்.

தொம்.

முதலில் என் வயிற்றில் இடித்தது, பிறகுதான் காதுக்கு வந்தது. சுவரில் சாத்தியிருந்த குழாய்க்கட்டு சரிந்து வாசல் முழுக்க உருண்டது. தொம், தொம், தொம். ஒவ்வொன்றும் வந்த வேகத்தில் நின்றது. நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லை, இரைச்சல் இல்லை, மிச்சம் இல்லை. அந்த வெறுமையில் அடுத்தது வந்து விழுந்தது. மாமா ஆறு மாதமாகத் தேடியது அதுதான் என்று எனக்கே தெரிந்தது. அவர் முகத்தை நான் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அதற்குப் பிறகு நான் எந்த ஆணிடமும் பார்த்ததில்லை.

அப்போது பின்பக்கத்திலிருந்து அம்மா வந்தாள். பாவாடையை மாரில் ஏற்றி முடிந்திருந்தாள். தலையில் நுரை. அது நெற்றியில் வழிந்து கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தம்பியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் ஓடினாள். "ஏ, எம்பிள்ளே!" என்று கத்திக்கொண்டு, பொட்டலைப் பார்த்து, கம்பெனியைப் பார்த்து ஓடினாள்.

மாமா கண்ணைத் திறக்கவில்லை. நான் கல்லை விட்டேன். கொடியில் கிடந்த அம்மாவின் சேலையை உருவிக்கொண்டு பின்னால் ஓடினேன். தெருவைப் பார்த்தால் எல்லா வீட்டிலிருந்தும் பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கையில் மாவோடு ஒருத்தி, பால் குடிக்கிற பிள்ளையை மாரில் அப்படியே பிடித்தபடி ஒருத்தி. யாரும் யாரிடமும் என்ன ஏது என்று கேட்கவில்லை. நம் ஊரில் அதைக் கேட்க மாட்டோம். செருப்புப் போட மாட்டோம், அடுப்பை அமர்த்த மாட்டோம். நேரே ஓடுவோம்.

கம்பெனியில் அதற்கு நேர் எதிர். அங்கே சட்டம் வேறு. எங்கே என்ன சத்தம் கேட்டாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே ஓட வேண்டும். அவர்கள் ஊரைப் பார்த்து ஓடிவந்தார்கள், நாங்கள் கம்பெனியைப் பார்த்து ஓடினோம். பொட்டலின் நடுவில் இரண்டு கூட்டமும் மோதிக்கொண்டது. அம்மா வெள்ளியாய் நின்ற அக்காவைப் பிடித்து, கை இருக்கிறதா, கால் இருக்கிறதா என்று தடவினாள். அக்கா விழுந்து முழங்காலில் தோல் பெயர்ந்திருந்தது. வேறொன்றுமில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷெட்டுகள் வெள்ளை வெள்ளையாக நின்றன. ஒரு பொட்டுப் புகை இல்லை.

அப்போது ஊர்ப்பக்கமிருந்து மறுபடி வந்தது. தொம், தொம், தொம்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பிள்ளைகளைக் கட்டிப்பிடித்திருந்த கைகள் மெதுவாக விலகின. அப்புறம்தான் கண்ணுக்கு மற்றது தெரிந்தது. ஆண்கள் முதலில் என் அம்மாவைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள். ஒரு சிலர் தரையைப் பார்க்கவில்லை. நான் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். நான் கொண்டுபோய்ப் போர்த்துவதற்குள் எல்லாரும் பார்த்து முடித்துவிட்டார்கள்.

போர்மேன் வந்தார். முதலில் வாசல்படியில் தடுக்கிக் கால் சுளுக்கின ஒருத்தியைத் திட்டினார். வேலை நின்றுபோன நேரத்துக்காக எல்லாரையும் திட்டினார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்:

"ஏம்மா, நம்ம கம்பெனியில வெடிச்சா இம்புட்டுச் சின்னதாவா கேக்கும்? இதுகூடவா தெரியாது?"

கூட்டம் சிரித்தது. பயம் தெளிந்த சிரிப்பு. அய்யாவும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். இப்போது ராத்திரியில் படுத்தால் எனக்கு அந்தச் சிரிப்பு கேட்கிறது. அன்றைக்கு ஊர் முழுக்க வெட்கப்பட்டது. பாவாடையோடு ஓடினதுக்கு, ஏமாந்ததுக்கு, ஒரு தகரக்காரனால் கூலி போனதுக்கு. வெடித்தால் இன்னும் பெரிதாகக் கேட்கும் என்று போர்மேன் சாதாரணமாகச் சொன்ன சொல்லுக்கு மட்டும் யாரும் வெட்கப்படவில்லை, அவரும்தான். அத்தனை பெரியவர்கள் நின்றும் அது யாருக்கும் உறைக்கவில்லையே என்று இப்போது தோன்றுகிறது.

அய்யாதான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது மாமா கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் யார் என்ன சொன்னாலும் "என்னது?" என்று கேட்டார். காது அடைத்துவிட்டிருந்தது. முதல் அடியின்போது பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் நானும் அவரும்தான். எனக்கும் உள்ளே சுவர்க்கோழி கத்துகிற மாதிரி ஒரே இரைச்சல். பேசுகிறவர்கள் தண்ணிக்குள் இருந்து பேசுவதுபோல் இருந்தது.

வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். அய்யா முதலில் அம்மாவிடம் திரும்பினார்.

"ஒந்தம்பிதான் வாசிக்கான்னு ஒனக்குத் தெரியும்லா? கண்ணால பாத்துட்டுத்தான ஓடுன?"

அம்மா சேலையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"தெரியுங்க. தெரியும். காலு கேக்கல."

யாரோ சிரித்தார்கள். அம்மா அதற்குப் பிறகு தலையைத் தூக்கவில்லை. போர்மேன் பேச்சு தொடங்கி அன்று பேசினது எதுவும் எனக்குச் சரியாகக் கேட்டதில்லை, பிற்பாடு பலபேர் பலமுறை சொல்லிக் காட்டிச் சிரித்ததால் தெரியும்.

மாமா எழுந்து எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். தப்புதான், பெட்டியை அந்தப் பக்கம் திருப்பியிருக்கக் கூடாது என்றார். இனி இந்தச் சத்தமே கூடாது என்று அய்யா சத்தியம் கேட்டார். மாமா பெட்டியைப் பார்த்தார். "வேற ஊர்ல வச்சி வாசிச்சுக்கிடுதேன் அத்தான்," என்றார். சத்தியம் செய்யவில்லை.

அய்யா அக்காவைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். அவள் இன்னும் முகம் கழுவவில்லை. வெள்ளியில் கண்ணீர் இரண்டு கோடு போட்டிருந்தது. முழங்காலில் ரத்தம் காயவில்லை. ஷெட்டில் மருந்துத்தட்டின் முன்னால் உட்கார்ந்து அந்த முதல் அடியைக் கேட்டவள் அவள். கம்மாய்க்கரையில் நின்று அதை அங்குலம் அங்குலமாய் வளர்த்தவளும் அவள்தான்.

"ஊரு முன்னால கேக்கேன். ஒனக்கு இவன் வேணுமா? இந்தச் சத்தத்தோட இவனக் கட்டுவியா? சொல்லு."

அக்கா மாமாவைப் பார்த்தாள். வாய் அசைந்தது. எனக்கு ஒன்றும் விழவில்லை, காதுக்குள் சுவர்க்கோழிதான் கத்தியது. மாமா காதுக்குப் பக்கத்தில் கையை மடக்கி வைத்துக்கொண்டு, "என்னது?" என்றார். அய்யா அவர் காதருகே போய்க் கத்தினார். அது எனக்கே கேட்டது.

"அவ முடியாதுங்கா! கேட்டுச்சா? முடியாதுங்கா!"

மாமா தலையை ஆட்டினார். வயரை முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே சிக்கில்லாமல் சுற்றிச் சுற்றி எடுத்தார். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கித்தாரை மட்டும் தூக்கிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு நடந்தார். அக்கா உள்ளே போய்விட்டாள். அந்தப் பெட்டியில் கொஞ்ச நாள் கோழி அடைத்தோம். பிறகு பலகையைப் பிரித்து அடுப்பில் வைத்தோம்.

தை மாதமே அக்காவுக்கு ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் வேலை பார்த்தவரோடு கல்யாணம் ஆனது. குறை சொல்ல முடியாத மனுசன். அவளும் குறை சொன்னதில்லை. மாமா கோயம்புத்தூர்ப் பக்கம் போய் மோட்டாருக்குக் கம்பி சுற்றிப் பிழைத்தார், கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கித்தார் என்ன ஆனது என்று தெரியாது.

அம்மா அன்றிலிருந்து சாகிற வரைக்கும் சேலையோடுதான் குளித்தாள். குளியலறை கட்டி, கதவு போட்டு, தாழ்ப்பாள் வைத்த பிறகும்.

அவள் கடைசியாகக் கிடந்தபோது நான்தான் துடைத்துவிட்டேன். அப்போது ஒருநாள் சொன்னாள். "அன்னைக்கு ஒங்கக்கா முடியாதுன்னு சொல்லல. 'இப்ப முடியாது'ன்னுதான் சொன்னா."

எனக்குக் கை ஓடவில்லை. "அப்பமே சொல்லியிருக்கலாம்லாம்மா?"

"எப்படிச் சொல்ல? நான் வாயத் தொறந்தா, சேலைய எங்க போட்டன்னு கேப்பாக."

இம்புட்டுதான் அம்மா சொன்னது. ஒரு சேலை இல்லாமல் ஓடின வெட்கம், ஒரு சொல்லை இருபது முப்பது வருசம் அவள் வாய்க்குள் பூட்டிவிட்டது. அய்யாவோ கடைசிவரை, முடியாது என்றுதான் சொன்னாள், நான் பக்கத்தில் நின்றேன் என்றே சாதித்தார். அக்காவிடம் ஒருமுறை தைரியம் வந்து கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அத எதுக்குடி இப்பக் கேக்க?" என்றாள். சொளகு நிற்கவில்லை.

போன ஆடியில் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். மாமா கோடிச்சேலை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கூன் விழுந்துவிட்டது, காது முழுக்கவே போய்விட்டது. சேலையைப் போர்த்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காது கேளாதவர்கள் பேசுவதுபோல் சத்தமாக, பந்தலில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்:

"தாயி, அன்னைக்கு அவ என்னதான் சொன்னா? வாயி ரெண்டு தடவ அசைஞ்சாப்புல இருந்துச்சே."

நான் பதில் சொல்ல வேண்டுமென்றால் கத்த வேண்டும். அக்காவின் புருசன் எதிரே உட்கார்ந்திருந்தார். அவள் பிள்ளைகள், பேரன் பேத்திகள் சுற்றி நின்றார்கள். எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். அம்மா சொன்னதைச் சொல்வதா, அய்யா சொன்னதைச் சொல்வதா? எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சேலைத் தலைப்பை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். அன்றைக்கு எங்கள் வாசலில் நின்றவர்களில் யாராவது மிச்சம் இருப்பீர்கள். கையில் மாவோடு ஓடிவந்தவள் அக்காவுக்கு அடுத்தே நின்றாள், அவள் நாரணாபுரத்தில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். நான் எழுதியதில் மாதம் தப்பியிருக்கலாம், யார் எங்கே நின்றார்கள் என்பது மாறியிருக்கலாம். அதையெல்லாம் விட்டுவிடுங்கள். அவள் 'முடியாது' என்றாளா, 'இப்ப முடியாது' என்றாளா? அந்த ஒரு சொல்லை மட்டும் சரிபார்த்துச் சொல்லுங்கள். வாயால் சொல்லியனுப்ப வேண்டாம். பெரிய எழுத்தாக ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். மாமாவுக்குக் காதுதான் கேட்காது, வாசிக்கத் தெரியும்.